செசிலிக்கு வந்த கொழும்பு மாப்பிள்ளை

கடைசியாக அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை, லீக்ஸ் கழுவியது.

வெலிமடையில் ஒரு வங்கியின் காசு இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் போன றொமேஷ், திரும்பும் வழியில் ஒரு கட்டு லீக்ஸ் வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தான். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், தண்ணீர் விழும் பீலியடியில் இருவரும் குந்தினார்கள். தடித்த வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸில் மண் வெளியே தெரியாது. இலைக்குள் இலையாக ஒளிந்திருக்கும். செசிலி ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பிடித்தாள். அவன் தண்ணீர் ஊற்றினான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவளுக்கு இரண்டு கையும் ஈரம்.

“எடுத்துக் காதுல வையி.”

வைத்தான்.

“ஆமா மக, செசிலிதான் பேசுறேன். எம் மகன் போன புடிச்சிக்கிட்டிருக்கான். இல்ல இல்ல, அவன் ஒன்னும் பேச மாட்டான். மிஷின் வேலக்காரன். பட்டன அமுக்குனாத்தான் பேசுவான்.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

“பதிலா? வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது ஓல. அது முடியாம எப்புடிச் சொல்றது? திங்கக்கெழமதானே ஒனக்குக் கடசி நாளு? அன்னிக்கு நானே பண்டாரவளைக்கு வாரேன். டப்பாவா? பத்தரமா இருக்கு. காலியாத் தர மாட்டேன்னு ஒங்க மாமிகிட்டச் சொல்லு.”

றொமேஷின் கை கடுத்தது. அவன் முகம் சுளிப்பதை அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு பண்டாரவளையில் மழையா என்று விசாரித்தாள். பஸ் ஒழுங்காக ஓடுகிறதா என்று விசாரித்தாள். அவன் கை மாற்றிப் பிடித்ததும்தான் போனை வைக்கச் சொன்னாள்.

“சனிக்கெழம அரிசி ஊறப்போடணும். ஞாபகப்படுத்து.”

“எதுக்கு?”

“ஞாபகப்படுத்துறவனுக்கு அது எதுக்கு?”

வியாழக்கிழமை காலையில் அவள் இறந்துபோனாள். அதைப் பிறகு சொல்லலாம். முதலில் மாப்பிள்ளை வந்த கதை.

செசிலி பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விடியற்காலையில் கொண்டுவந்து கிடத்தும் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, மூக்கைச் சிந்தி, தொட்டிலாட்டி, மாலையில் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை. அந்தத் தோட்டத்தில் இப்போது மீசை முறுக்கித் திரிகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை அவள் குளிப்பாட்டியிருக்கிறாள். அதனால் அவளோடு யாரும் சரிக்குச் சரி வாயாடுவதில்லை. ஒருதடவை கூட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் அவளைப் பார்த்து, “நீங்க செத்த உக்காருங்க” என்று கையைக் காட்டினார். “நான் உக்காருறேன் தம்பி. நீ எத்தன வயசு வரைக்கும் பாயில போனேன்னு சொல்லிட்டு உக்காருறேன்” என்றாள். அன்றைக்குத் தலைவர்தான் உட்கார்ந்தார்.

அவளுடைய புருஷன் சிங்கராயர் தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர். அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. றொமேஷ் ஒரே பிள்ளை. பதுளையில் அறை எடுத்துத் தங்கி, ஊவாவில் இருக்கிற வங்கிகளின் காசு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கம்பனி ஒன்றில் வேலை. மாதம் பிறந்தால் அம்மாவின் கணக்கில் காசு தானாகப் போய் விழும்படி ஏற்பாடு செய்திருந்தான்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம் அவள் போனை நீட்டினாள். “இதுல என்னமோ வந்திருக்கு. படி.”

வாழ்த்துகள் என்று தொடங்கியது. எங்கள் வங்கியின் கிரெடிட் கார்டுக்கு நீங்கள் முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள் என்றது. சம்மதம் என்றால் அழைக்கவும் என்று ஒரு நம்பர்.

“யாரு தெரிவு செஞ்சது?”

“கம்ப்யூட்டர்.”

“என்னயப் பாக்காமலேவா?”

“ஆமா.”

“ஒங்கப்பாகூட மொதல்ல ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுப் போனாரு.”

அவன் விளக்கினான். அவனுக்கு விளக்கத் தெரியும், சுற்றி வளைக்கத் தெரியாது. “அம்மா, அது ஒங்களத் தெரிவு செய்யல. நான் மாசா மாசம் காசு போடுறேன். நீங்க எடுக்குறதே இல்ல. அப்புடியே சேந்து கெடக்குது. அதப் பாத்துட்டு நல்ல எடம்னு நெனச்சிருக்கு. அவ்வளவுதான். அழிச்சிருங்க.”

செசிலி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப பெத்த தாய்க்கு மாப்பிள்ள பாத்தவன் நீதானா?”

இருட்டுவதற்குள் இரண்டு லயத்துக்கும் சேதி போய்விட்டது. செசிலிக்குக் கொழும்பில் இருந்து சம்பந்தம் வந்திருக்கிறது. பையன் பேர் கிரெடிட் கார்ட். மகனே பார்த்த இடம்.

திங்கட்கிழமை வங்கியின் பண்டாரவளைக் கிளையில் இருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் ஸவாஹிரா. எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி, முதல் வருஷம் கட்டணம் இல்லை, சில கடைகளில் விலைக்கழிவு உண்டு என்று அடுக்கிக்கொண்டே போனாளாம். செசிலி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாளாம்: “எல்லாஞ் சரி மக. போன்ல சம்பந்தம் பேசுறது எங்க வழக்கம் இல்ல. வீட்டுக்கு வாங்க. வந்து பொண்ணப் பாருங்க.”

அவள் வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை உச்சிக்கு முச்சக்கர வண்டி ஒன்று லயத்தடியில் வந்து நின்றது. முக்காடு போட்ட இளம்பெண் ஒருத்தி மடியில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவோடு இறங்கினாள்.

“சும்மா வரக் கூடாதுண்டு என்ட மாமி வட்டிலப்பம் செஞ்சு தந்தா” என்றாள். ரஹ்மத்தும்மா என்கிற அந்த மாமியார் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் கலந்து அவித்த வட்டிலப்பத்தின் வாசம், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் தனலெட்சுமியின் மூக்கு வரைக்கும் எட்டியது. தனலெட்சுமி கோப்பை இரவல் கொடுக்கிற சாட்டில் உள்ளே வந்து, வெளியே போகவில்லை.

றொமேஷ் வாசற்படியில் நின்றான். அம்மா அடுப்படிக்குள் போய் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, தட்டில் தேத்தண்ணி ஏந்தி நடந்து வருவதைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தான்.

ஸவாஹிரா ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள். கோப்பையை எடுத்துக்கொண்டு கேட்டாள்: “பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?”

“நாப்பது புள்ளைங்கள ஒரே நேரத்துல தூங்க வைக்கிற அளவுக்குத் தெரியும்.”

“சமைக்க?”

“பால்மா கரைப்பேன். சரி, பொண்ணப் பாத்தாச்சு. இப்ப நாங்க கேக்கணும். மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?”

“கொழும்பு, ஆன்ட்டி.”

“குடிப்பாரா?”

“வட்டி குடிப்பார்.”

தனலெட்சுமிக்குத் தேத்தண்ணி புரையேறியது.

“எவ்வளவு?”

“நேரத்துக்குக் கட்டினா ஒரு சொட்டும் இல்ல.”

“கட்டாட்டி?”

ஸவாஹிரா வாசற்படியைப் பார்த்தாள். றொமேஷ் சொன்னான்: “வருசத்துக்கு நூத்துக்கு இருபத்தாறு. அதுக்கு மேல பிந்துன காசு தனி.”

“அடப் பாவி மனுசா” என்று செசிலி அந்த வராத மாப்பிள்ளையைத் திட்டினாள். “எத்தன வருசம் இருப்பாரு?”

“அஞ்சு வருசம். அதோட கார்ட் முடிஞ்சிடும். பொறகு புதுசு தருவாங்க.”

தனலெட்சுமி பொறுக்க முடியாமல் குறுக்கே வந்தாள். “அஞ்சு வருசத்துல போயிருவாருன்னு தெரிஞ்சே கழுத்த நீட்டப் போறியா?”

“எனக்குப் பழக்கந்தானே. ரெண்டு பேர்ல யாரு முந்துறாங்கன்னு பாப்போம்.”

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு செசிலி கோப்பைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். “இதுல ஒனக்கு என்னா மக?”

ஸவாஹிரா சிரிப்பதை நிறுத்தினாள். “மாசக் கடைசிக்குள்ள இன்னும் ஒரு ஆளுட விண்ணப்பம் உள்ளுக்குப் போனா என்னய நிரந்தரமாக்குவாங்க, ஆன்ட்டி. இல்லாட்டி நிப்பாட்டிருவாங்க. வீட்டுல இருக்கணும்.”

“வீட்டுல யாரு?”

“மாமி.”

அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன மாதிரியில் மற்ற இரண்டு பெண்களுக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. றொமேஷுக்கு மட்டும் விளங்கவில்லை. வட்டிலப்பம் நல்லாய்த்தானே இருக்கிறது என்று நினைத்தான்.

வண்டி போன பிறகு செசிலி வெகு நேரம் டப்பாவைத் தேய்த்துக் கழுவினாள். உள்ளே கையை விட்டு மூலையெல்லாம் துடைத்தாள்.

“வேணும்னு சொன்னா பொய். வேணாம்னு சொன்னா பாவம்” என்றாள்.

“ரெண்டுல ஒன்னு சொல்லணும். மூணாவது கெடையாது.”

“நீ மிஷினோட பழகுனவன். ஒனக்கு ஆமா, இல்ல, ரெண்டே பட்டன். மூணாவது இருக்கு.”

“என்னா?”

“ஓல.”

கத்தோலிக்கர்களுக்கு அது புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனும் இன்னாரின் மகளும் கல்யாணம் முடிக்க இருக்கிறார்கள், தடங்கல் ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சபையைக் கேட்பார்கள். செசிலிக்கும் சிங்கராயருக்கும் அப்படித்தான் வாசித்தார்கள். அதைப்பற்றி அவளுக்கு ஒரு பழைய கோபம் இருந்தது.

“மூணு ஞாயிறும் கோயில் நெறையக் கேட்டாங்க, யாருக்காச்சும் தடங்கல் இருக்கான்னு. கெழவன் கெழவியெல்லாம் கேட்டாங்க. என்னயக் கேட்டது எப்ப? மாலயெல்லாம் போட்ட பெறகு சாமியார் கேட்டாரு. அப்ப இல்லன்னா சொல்ல முடியும்? சோறு வெந்திருச்சு.”

“அப்பாவ வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?”

“சே. அவரு நல்லவரு. கேட்டிருந்தா ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா ரெண்டு நாளு யோசிச்சிட்டுச் சொல்லியிருப்பேன்.”

இந்த முறை கேட்கிறார்கள். பொய்யோ மெய்யோ, ஒரு பெண்பிள்ளையை அனுப்பிக் கேட்கிறார்கள். செசிலி அவசரப்படுவதாக இல்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து சனம் கோயில் முற்றத்துக்கு வந்ததும், மணித் தூணுக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் ஏறி நின்றாள். கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாவிக்கொத்தைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார். அவரும் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவர்தான்.

“காலஞ்சென்ற சிங்கராயரின் விதவை செசிலி என்பவளும், கொழும்பு வங்கியாரின் மகன் கிரெடிட் கார்ட் என்பவரும் ஒன்று சேர இருக்கிறார்கள். இது முதலாம் ஓலை. தடங்கல் தெரிந்தவர்கள் சொல்லவும்” என்றாள், சாமியார் குரலில்.

முற்றம் இரண்டாகியது. கிழவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் கிட்ட வந்தார்கள்.

“தடங்கல் இருக்கு!” என்று குரல் கொடுத்தவன் றிச்சர்ட். பெரகல சந்தியில் போன், சார்ஜர், வண்டி லைட் எல்லாம் திருத்துகிற கடை வைத்திருப்பவன். முப்பத்தைந்து வயது. “மாப்பிள்ள ஏற்கனவே கல்யாணம் முடிச்ச ஆளு. பண்டாரவளையில பாதிப் பொம்பளைக்கு அவருதான் புருசன்!”

“பெரிய குடும்பம். பரவால்ல.”

“பொண்ணுக்கு கார்ட் தேய்க்கத் தெரியாதுக்கா.”

“தேங்காத் துருவத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதாடா?”

அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் றொமேஷ் ஒன்றைக் கவனித்தான். எல்லோரும் சிரித்துக் கலைந்த பிறகும் றிச்சர்ட் சிரிக்காமல் நின்றான்.

இரண்டாம் ஞாயிறு சனம் கூடிவிட்டது. வேதக்காரர் அல்லாத தனலெட்சுமிகூட கோயில் கேட்டடியில் வந்து நின்றாள். செசிலி கல்லில் ஏறினாள். இரண்டாம் ஓலை வாசித்தாள். றிச்சர்ட் மறுபடியும் கையைத் தூக்கினான். மாப்பிள்ளை கொழும்புப் பணக்காரர், லயத்துக்கு வந்து பெண் எடுப்பாரா, அவருக்குக் கண் தெரியாதா, எத்தனையோ பேர் கடையும் தொழிலுமாக இருக்க, காசை எடுக்கத் தெரியாத மனுஷியைப் போய் யாராவது கேட்பார்களா என்று கேட்டுக்கொண்டே போனான். முதலில் சிரித்த சனம் பிறகு சிரிக்கவில்லை. குரலில் வேடிக்கை குறைந்திருந்தது.

செசிலி கல்லில் இருந்து இறங்கினாள். “றிச்சர்ட்டு, இங்க வா. ஒனக்கு ஏன்டா வயித்தெரிச்சல்?”

இருவரும் மணித் தூணடியில் தனியாக நின்று பேசினார்கள். றொமேஷுக்குக் கேட்கவில்லை. றிச்சர்ட் தலையைக் குனிந்து மண்ணைக் காலால் கீறிக்கொண்டிருந்தான். அவள் கடைசியில் அவனுடைய சேட்டுக் கொலரைச் சரிசெய்துவிட்டாள்.

“என்னாம்மா பேசுனீங்க?” என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டான்.

“மாப்பிள்ளயப் பத்தி.”

“பதில் முடிவு பண்ணியாச்சா?”

“முடிவு பண்ணிட்டா மூணாவது ஓலைக்கு என்னா மதிப்பு?”

செவ்வாய்க்கிழமை லீக்ஸ் கழுவினார்கள். புதன்கிழமை விடியற்காலையில் அவன் பதுளைக்கு வேலைக்கு இறங்கிப் போனான். வியாழக்கிழமை காலையில் செசிலி தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள். தண்ணீர் கொதித்து வற்றிக் கேத்தல் கருகிய வாசத்துக்குத்தான் தனலெட்சுமி ஓடிவந்தாள். நெஞ்சு என்றார்கள். சேதி சொன்ன போன் வந்தபோது றொமேஷ் ஓர் இயந்திரத்தின் கதவைத் திறந்து வைத்திருந்தான். எடுத்த வேலையை முடித்து, திருகாணிகளைத் திரும்பப் பூட்டி, சோதித்துப் பார்த்து, கையொப்பம் வாங்கிவிட்டுப் பஸ் ஏறினான். அப்படி ஏன் செய்தான் என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. வேறு என்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை அடக்கம். மீசைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் பெட்டியின் கால்மாட்டில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

அடக்கம் முடிந்த மாலையில் றிச்சர்ட் பின்பக்கமாக வந்து பீலியடியில் உட்கார்ந்தான்.

“தம்பி, இத இப்பச் சொல்லலாமா தெரியல. திங்கக்கெழம அக்கா என்னயப் பண்டாரவளைக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தாங்க.”

“எதுக்கு?”

“கார்டுக்கு.”

கதை மெல்ல வெளியே வந்தது. றிச்சர்ட்டின் கடைக்கு வேண்டிய சின்னச் சின்னச் சாமான்களை வெளிநாட்டில் இருந்து நேரே எடுத்தால் மலிவு. அதற்குக் கார்ட் வேண்டும். போன வருஷம் அதே வங்கிக்குப் போன் வழியாக விண்ணப்பித்திருந்தான். மறுமொழியே வரவில்லை. கேட்காதவளைத் தேடிப் போய்க் கேட்கிறார்கள், கேட்டவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த எரிச்சல்தான் கோயில் முற்றத்தில் வெளியே வந்தது.

“அக்கா அங்க வச்சே மனசுல ஒன்னு நெனச்சிட்டாங்க. ராவைக்கு அந்தப் புள்ளக்கிப் பேசி, சந்தியில கட வச்சிருக்குற ஒரு ஆளு இருக்கான், பதிவு, பேங்க் கணக்கு எல்லாம் இருக்கு, பாப்பீங்களான்னு பேரு சொல்லாமக் கேட்டிருக்காங்க. நேர்ல வந்தா நான் முன்னுக்கு நின்னு செஞ்சு தாரேன்னு அது சொல்லியிருக்கு. மூணாவது ஓலையில அக்காவே தடங்கல் சொல்லி மாப்பிள்ளய எனக்கு மாத்திவிடப் போறதாச் சொன்னாங்க. அதுக்கு முந்தி யாருக்கும் சொல்லாத, ஓலைக்கு மதிப்பு இல்லாமப் போயிரும்னாங்க.”

“எனக்குமா சொல்ல வேணாம்னாங்க?”

“ஒனக்குச் சொன்னா நீ வட்டிக் கணக்குச் சொல்லுவியாம்.”

றொமேஷ் யோசித்தான். சொல்லியிருப்பான். இப்போதும் சொன்னான். சாமான் வித்த காசு வந்ததும் முழுசாகக் கட்ட வேண்டும், குறைந்தபட்சத் தொகை என்று காட்டுவதைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, அதில் இருந்து காசாக எடுக்கவே கூடாது. றிச்சர்ட் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

“அக்கா சொன்ன மாதிரியே சொல்ற.”

“அம்மாவுக்கு யாரு சொன்னது?”

“நீதான்னாங்க.”

அப்படியானால் அவன் விளக்கும்போதெல்லாம், காதில் விழாத மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுத்தான் இருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்தில் சும்மா நின்றார்கள். குழந்தைகளைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள். உபதேசியார்கூட இந்த முறை சாவியைத் தேடிப் போகவில்லை. கேட்டடியில் தனலெட்சுமி.

கல்லைப் பார்த்தான் றொமேஷ். ஏறவில்லை. பக்கத்தில் போய் நின்றான்.

“மூணாவது ஓல” என்றான். “காலஞ்சென்ற சிங்கராயரின் விதவை, காலஞ்சென்ற…”

அதற்கு மேல் வரவில்லை. இரண்டாவது முறை அந்தச் சொல் வரும் என்று அவன் யோசித்திருக்கவில்லை.

“தடங்கல் இருக்கு!” என்று கேட்டடியில் இருந்து தனலெட்சுமி கத்தினாள்.

“என்னா தடங்கல்?” என்று உபதேசியார் கேட்டார்.

“பொண்ணு முந்திக்கிட்டா.”

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இன்னும் ஒருவர். கொஞ்ச நேரத்தில் யார் சிரிக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது.

றொமேஷுக்குக் குரல் திரும்பியது. “மாப்பிள்ளய வெறுங்கையோட அனுப்பல. வேற எடம் பாத்து வச்சிட்டுத்தான் போயிருக்காங்க. பெரகல சந்தி றிச்சர்ட் அண்ணன். தடங்கல் தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

றிச்சர்ட் ஓடப் பார்த்தான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

“இருக்கு” என்றாள் தனலெட்சுமி. “எங்க சார்ஜரத் திருத்தித் தாரேன்னு வாங்கிட்டுப் போனான். இன்னும் வரல.”

அன்று பின்னேரமே சார்ஜர் வந்தது. தடங்கல் நீங்கியது.

திங்கட்கிழமை இருவரும் பண்டாரவளைக்குப் போனார்கள். ஸவாஹிராவுக்கு றொமேஷ் முதல்நாளே போனில் சொல்லியிருந்தான். மூன்று வசனத்தில் சொல்லியிருந்தான். அவள் வங்கி வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“ஆன்ட்டிட பதில் என்னண்டு கடைசி வரைக்கும் தெரியல்லயே” என்றாள்.

“இல்லன்னுதான்” என்றான். றிச்சர்ட்டை முன்னால் தள்ளி, “ஆனா சும்மா இல்லன்னு சொல்ல அவங்களுக்கு விருப்பம் இல்ல. அதான் இவரக் கூட்டிட்டு வந்தேன்” என்றான்.

ஸவாஹிரா றிச்சர்ட்டை ஏற இறங்கப் பார்த்தாள். “மாப்பிள்ளைக்குப் பாடத் தெரியுமா?” என்றாள். றிச்சர்ட் பேய் முழி முழித்தான். அவள் அழுதுகொண்டே சிரித்து, அவனை உள்ளே கூட்டிப் போனாள். விண்ணப்பம் அன்றைக்கே போனது. வேலை நிலைத்தது. கார்ட் வந்ததும் றிச்சர்ட் அதைப் பிரேம் போட்டுக் கடையில் மாட்டலாமா என்று கேட்டான். மாட்டினால் நம்பர் தெரியும் என்று றொமேஷ் தடுத்தான்.

மாதாமாதம் அம்மாவின் கணக்குக்குக் காசு போகும் ஏற்பாட்டை றொமேஷ் இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும். ஒரு பட்டன்தான். அவளுடைய போனும் அவனிடம்தான் இருக்கிறது. போன கிழமை அதற்கு ஒரு செய்தி வந்தது. வாழ்த்துகள், நீங்கள் மறுபடியும் தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள். இந்த முறை இன்னும் பெரிய கார்ட். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவள் இன்னும் நல்ல இடம்தான்.

டப்பா மட்டும் திரும்பிப் போகவில்லை. அந்தத் திங்கட்கிழமை அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் பண்டாரவளைக்குப் போயிருந்தான். வெளியே எடுக்கவில்லை. காலியாக இருந்தது. பஸ் நிலையத்தில், கடையில் எதையாவது வாங்கி நிரப்பலாம் என்று றிச்சர்ட் சொன்னான். “அக்கா கடப் பண்டம் வைக்க மாட்டாங்க” என்று பிறகு அவனே சொல்லிவிட்டான். அப்படியே திரும்பக் கொண்டுவந்தான்.

இப்போது ஸவாஹிரா அவனை அண்ணன் முறை வைத்து இடைக்கிடை போன் பண்ணுகிறாள்.

“றொமேஷ் நானா, டப்பா எப்ப தருவீங்க? மாமி ஒவ்வொரு நாளும் கேக்குறா. அது அவவுட சீதனத்தோட வந்த டப்பாவாம்.”

“காலியாத் தர முடியாது.”

“அப்ப நெறச்சுத் தாங்களேன்.”

“வர்ற ஞாயித்துக்கெழம சொல்றேன்” என்கிறான்.

இன்றைக்குச் சனிக்கிழமை. அம்மா வீட்டில் இருந்தபோது அவனுக்கு ஞாபகம் வந்தது. யாரும் ஞாபகப்படுத்தாமலே வந்தது. அரிசி ஊறப்போட்டான். பச்சையரிசியா, சிவப்பரிசியா என்று அவள் சொல்லியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் என்றும் சொல்லவில்லை. எதற்கு என்று அவன் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. தனலெட்சுமியிடம் போய்க் கேட்டான். பணியாரத்துக்கா இருக்கும் என்றாள். அச்சு முறுக்காகவும் இருக்கலாம் என்றாள். அவள் மனசுல என்ன இருந்ததோ என்றாள்.

டப்பா அடுப்படித் தட்டில் இருக்கிறது, மூடி பக்கத்தில். கீழே சட்டியில் அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது.